கரையடி ஈரம்

வாங்க அம்மிணி, செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம். மேல ஆரும் இல்ல, கூட்டியே ஒரு வாரமாச்சு. அந்த மூணாவது படி மட்டும் பாத்துக் காலை வெய்யுங்க, எல்லாத்துக்கும் அங்கதான் தட்டும். சாவி சித்த மக்கர் பண்ணும். கதவை நம்ம பக்கம் இழுத்துப் புடிச்சுட்டுத் திருப்போணும். ஆச்சு, பாருங்க.

இது ஹாலு. அது சமையல் ரூம்பு. சின்னதுதான், ஆனா ஒருத்தருக்கு என்ன வேணும்? ஒத்தையாத்தான இருக்கப் போறீங்க? லேப்புல வேலைன்னு புரோக்கர் சொன்னாரு. நல்லதுங்க. இருங்க, ஜன்னலைத் தொறந்து உடறேன். காத்து எப்படி வருது பாருங்க. மலையிலிருந்து நேரா வர்ற காத்து. ஃபேனே போட வேண்டாம்.

எது, அந்த மேடுங்களா? வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. அது மேடு இல்லீங்க, அணை. நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க. முழுக்க மண்ணுல போட்ட அணை.

அணைன்னா தண்ணி நிக்கோணும், பக்கத்துல ஒரு பார்க்கு இருக்கோணும், மீன் வறுக்கற கடை இருக்கோணும்னுதான நாம நெனைக்கறது. இதுல அதொண்ணும் கெடையாது. வருசத்துல முக்காவாசி நாளு காஞ்சுதான் கெடக்கும். அந்தப் பக்கம் பள்ளத்துக்குள்ள ஆடு மேயும். லீவு நாள்ல பசங்க கிரிக்கெட்டு ஆடுவாங்க. கரை மேல பொம்பளைங்க ஸ்கூட்டி ஓட்டிப் பழகுவாங்க. காத்தால நடக்க வர்றவங்களுக்கே தெரியாது, நாம அணை மேல நடக்கறோம்னு. ஒருத்தர் எங்கிட்டயே கேட்டாரு, ஏனுங்கம்மா, ரயிலு ரோடு போடறோம்னு மண்ணைக் கொட்டிட்டு அப்படியே உட்டுட்டுப் போயிட்டாங்களான்னு.

ஆனா மலையில மழை புடிச்சுதுன்னா அப்பப் பாக்கோணும் நீங்க. பள்ளத்துல ஓன்னு எரைஞ்சுட்டு வரும். அத்தனையையும் இது வாங்கி வயித்துல வெச்சுக்கும். அடியில ஒரு பெரிய குழாய் இருக்குது, அது வழியா கொஞ்சங் கொஞ்சமா உடும். ரெண்டு மூணு நாள்ல மறுக்கா காலி. இது மட்டும் இல்லைன்னு வெச்சுக்கங்க, பஸ் ஸ்டேண்டு, ஜவுளிக்கடை வீதி, பெரியாஸ்பத்திரி எல்லாம் இடுப்பளவு தண்ணியில நிக்கும். கீழ டவுன்ல கேட்டுப் பாருங்க, இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னு சொல்லுவாங்க.

இந்த லேஅவுட்டுல இதான் கடைசி சைட்டு. கரைக்குக் கீழன்னு ஆரும் எடுக்கலை. எங்கூட்டுக்காரரு மட்டும் எடுத்தாரு. மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, பொன்னுசாமின்னா மில்லுல தெரியாதவங்க இல்ல. "பின்னாடி ஆரும் ஊடு கட்ட முடியாது துளசி, காத்து நமக்கு மட்டுந்தான்"னு சொன்னாரு. அவரு சொன்ன மாதிரியே பின்னாடி ஆரும் வரலை. அவரு போயி மூணு வருசமாகுது.

என்ற பையன் நொய்டாவுல இருக்கறான். மேல வாடகைக்கு உடும்மா, பேச்சுத்துணைக்கு ஆச்சுன்னு அவன்தான் சொன்னான். மொதல்ல ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க, கைக்குழந்தையோட. தங்கமானவங்க. அந்தப் புள்ளை சிரிச்சா எனக்குக் கீழ கேக்கும். நான் மேல வர்றதே அதுக்கோசரந்தான். காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. வெறுங்கையோட வர மாட்டேங்க, ரசமோ பொரியலோ கையில இருக்கும். ஒரு நாளு கதவு உள்ள தாப்பாப் போட்டிருந்துது. தட்டுனேன், தொறக்கலை. தூங்கறாங்களாட்ட இருக்குதுன்னு எந்திரிக்கற வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தேன். அந்த மாசமே காலி பண்ணிட்டாங்க. ஆபீசு தூரமாப் போச்சாம். அதே ஆபீசுதானுங்க, எப்படித் தூரமாச்சோ தெரியலை.

அப்பறம் பேங்குல வேலை செய்யற ரெண்டு பசங்க. வர்றதுக்கு நேரமாகும். சாப்பிட்டாங்களோ என்னமோன்னு நான் வாசக் கேட்டுப் பக்கத்துலயே நிப்பேன். நின்னு, வந்தவொடனே கேப்பேன், எங்க போனீங்க, ஏன் லேட்டு, என்ன சாப்பிட்டீங்கன்னு. கேக்கறதுக்கு ஆளு இருந்தா பசங்களுக்கு ஒரு தெம்புதான? அவங்களும் போயிட்டாங்க. கரைக்குக் கீழ இருக்க பயமா இருக்குதுங்கம்மான்னாங்க. செரி, பயந்தவங்களைப் புடிச்சு வெக்க முடியுமா? எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, ஆளு தங்காததுக்கு இந்தக் கரைதான் காரணம்.

நீங்க பயப்படாதீங்க அம்மிணி. இப்ப ஒரு பயமும் இல்ல. அதைச் சொல்லத்தான் வர்றேன்.

இந்தப் பக்க ஜன்னலுக்கு வாங்க. கீழ தெரியுதே, அது நம்ம பொடக்காணி. துணி தொவைக்கறது, பாத்திரம் காய வெக்கறது எல்லாம் அங்கதான். அதுக்கு அந்தால கம்பி வேலி. அதுக்கும் அந்தால கரை. முன்ன வேலி கெடையாது, பொடக்காணியும் கரையும் ஒண்ணா இருக்கும். கரை எறங்கற எடத்துல எங்கூட்டுக்காரரு ஒரு வாழை வெச்சாரு. கரையோட மண்ணு நல்ல களிமண்ணு, வாழைக்கு அம்சமா இருக்கும்னு கரையிலயே கொஞ்சம் வெட்டிக் குழி எடுத்தாரு. சமையல் ரூம்புத் தண்ணி வீணாப் போகுதேன்னு அதுக்கு ஒரு குழாயும் போட்டு உட்டாரு. மண்ணுக்கடியில பதிச்சு, ஆருக்கும் தெரியாதபடிக்கு. அந்த மனுசன் ஒரு வேலை செஞ்சா அப்படி இருக்கும். வாழை எப்படி வந்துது தெரியுங்களா? ஒரு தாரை ரெண்டு ஆளு தூக்கோணும்.

பசங்க காலி பண்ணிட்டுப் போன வருசம், ஐப்பசி மாசம். மழை பெஞ்சு பள்ளத்துல கொஞ்சம் தண்ணி நின்னுது. நான் வாழை எலை அறுக்கப் போனேன். அன்னிக்கு வெள்ளிக்கெழமை, அவரு படத்துக்கு முன்னால எலை போட்டு சோறு வெக்கோணும். போயிப் பாத்தா கரையோரமா நசநசன்னு ஈரம். கால் வெச்சா பதியுது. கரை மேல ஒரு போர்டு இருக்குது, கசிவு, வெடிப்பு எதாச்சும் கண்டா தெரிவிக்கவும்னு நம்பரோட. அந்த நம்பருக்குப் போட்டேன்.

அன்னிக்கே வந்துட்டாருங்க இஞ்சினியர் தம்பி. அருளப்பன்னு பேரு. திருச்சிப் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போன ஆளு. வந்தவொடனே எங்கிட்ட ஒரு கண்ணாடி டம்ளரு கேட்டாரு. குடிக்கத்தான் கேக்கறாருன்னு நெனச்சேன். அந்த ஈரத்துல குழி தோண்டி, ஊறுன தண்ணியை டம்ளர்ல மொண்டு, வெயிலுக்கு நேராப் புடிச்சுப் பாத்தாரு.

"தெளிஞ்சுதான் இருக்கும்மா. மண் அணைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதுல தப்பில்லை. கலங்கி வந்துச்சுன்னாதான் ஆபத்து. கலங்குச்சுன்னா கரைக்குள்ளேருந்து மண்ணு கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. தெனம் ஒரு தடவை டம்ளர்ல எடுத்துப் பாருங்கம்மா."

நீங்கதான் பக்கத்துல இருக்கீங்கன்னாரு பாருங்க. எங்கூட்டுக்காரரு போனப்பறம் எங்கிட்ட ஆரும் ஒரு வேலைன்னு சொன்னதில்லீங்க. அன்னிக்கு நான் மத்தியானச் சோறு ரெண்டு வாட்டி உண்டேன்.

தெனம் பாத்தேன். டம்ளரைப் போட்டோ புடிச்சு அனுப்பினேன். அவரும் வாரம் தவறாம வந்தாரு. கூட மூணு நாலு ஆளுங்க. மணல் மூட்டை கொண்டாந்தாங்க, ஜல்லி கொண்டாந்தாங்க, அளந்தாங்க, குச்சி நட்டாங்க. வேலை செய்யற ஆளுங்களுக்கு வெறும் டீயைக் குடுத்துத் தாட்டி உட முடியுங்களா? அரிசிம்பருப்பு சோறு ஆக்குவேன். ஒரு நாளு சந்தகை புழிஞ்சு தேங்காப்பால் ஊத்திக் குடுத்தேன். ஊட்டுல பண்டிகை நோம்பியாட்ட இருக்கும். அவங்க உண்டுட்டு மர நெழல்ல சாஞ்சு பேசிட்டிருப்பாங்க, நான் உள்ள பாத்திரம் கழுவுவேன். ஒரு அண்டா, ரெண்டு குண்டா, அத்தனை தட்டம். கழுவி முடிக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகும். எல்லாம் ஊருக்கோசரந்தானன்னு செஞ்சேன்.

ஈரம் குறையவே இல்லீங்க. வாரத்துக்கு வாரம் அதிகமாச்சு. அதுவும் பாருங்க, அவங்க வர்ற அன்னிக்குத்தான் அதிகம். அவங்களைக் கண்டாலே கரைக்கு ஒரு இது.

நடுவுல பல்லடத்துல என்ற தங்கச்சி பேத்திக்கு சீரு வந்துது. போயி நாலஞ்சு நாளு இருந்துட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா கரையடியில பொட்டு ஈரம் இல்ல. காஞ்சு வெடிப்பு உட்டுக் கெடக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. செரியாப் போச்சுன்னு சந்தோசத்துலதானுங்க. தம்பிக்குப் போன் போட்டு, காஞ்சு போச்சு தம்பி, இருந்தாலும் கடைசியா ஒருக்கா வந்து பாத்துருங்கன்னேன். வந்தாங்க. கடைசி வாட்டின்னு ஒரு பாயசமும் சேத்து வெச்சேன். மறு நாளு பாக்கறேன், மறுக்கா ஈரம்! அப்பத்தான் எனக்கு உசிரே வந்துது. இல்லீங்க, பயம் வந்துதுன்னு சொல்ல வந்தேன்.

அதுக்கப்பறம் பெரிய இஞ்சினியரே ஜீப்புல வந்துட்டாரு. பள்ளத்துல அப்பத் தண்ணி வத்திப் பல நாளாச்சு. அணையே காஞ்சு கெடக்குது, பின்ன எங்கிருந்துய்யா கசியுதுன்னு அவரு அருளப்பன் தம்பியைப் புடிச்சுச் சத்தம் போட்டாரு. கரையைத் தொளை போட்டுப் பாக்கறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் வாக்குவாதம். பாவம், தம்பி மூஞ்சி சுண்டிப் போச்சு. மொதல்ல எல்லாரும் உண்ணுங்கன்னு சொல்லி எலையைப் போட்டேன்.

உண்டு முடிச்சு நான் பாத்திரம் கழுவிட்டிருக்கறேன். தம்பி மட்டும் எந்திரிச்சுப் போயி வாழைகிட்ட குத்த வெச்சு உக்காந்திருந்தாரு. நெம்ப நேரம் அப்படியே இருந்தாரு. அப்பறம் டம்ளரோட சமையல் ரூம்பு வாசல்ல வந்து நின்னாரு. டம்ளர்ல மேல நொரை. நொரைக்கு நடுவுல ஒரு பருப்பு மெதக்குது.

"அம்மா, நம்ம அணையில அரிசிம்பருப்பு கசியுதும்மா."

ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. பெரிய இஞ்சினியரும் சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். எல்லாரும் சேந்து நம்மூட்டுல சிரிக்கறாங்க, நாம மட்டும் எப்படிச் சும்மா நிக்கறது?

ஆனா ஒண்ணு அம்மிணி, அது வேற ஈரம், மொத நாளு நான் பாத்தது வேற ஈரம். அதை நான் இன்னிக்கும் சொல்லுவேன். ஒரு பருப்பை வெச்சு முடிவு பண்ணிட்டாங்க. குழாயை வெட்டி ரோட்டுச் சாக்கடைக்குத் திருப்பி உட்டாங்க. வாழையையும் எடுத்துருங்கம்மா, கரையில குழி இருக்கக் கூடாதுன்னு தம்பி தன்மையாத்தான் சொன்னாரு. ஆளை உட்டு எடுக்கச் சொல்லட்டுமான்னும் கேட்டாரு. நான் உடலை. எங்கூட்டுக்காரரு கையால வெச்சது, ஒரு வாழை அத்தாம்பெரிய கரையை என்ன பண்ணிரும்? நானே எடுத்துக்கறேன் தம்பின்னு சொல்லித் தாட்டி உட்டேன். எடுக்கலை.

அதோட செரி. வாரா வாரம் வந்த ஆளுங்க வரலை. அண்டாவைக் கழுவிக் கவுத்து வெச்சேன், அது அப்படியே கெடந்துது. நான் உடலையே, தெனம் போயிப் பாத்தேன். எலி வளையாட்டத் தெரியுது தம்பின்னு போன் போட்டேன், வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லேன்னாரு. கரையில வெடிப்பு உட்டிருக்குது தம்பின்னேன், வெயிலுக்கு அப்படித்தாம்மா இருக்கும்னாரு. அப்பறம் போன் அடிச்சுட்டே இருக்கும், எடுக்க மாட்டாரு. வேலை இருக்கும்ல? எங்க வீதி வாட்சப் குரூப்புல பேசி அனுப்பினேன். காத்தால கரை எப்படி இருக்குதுன்னு ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. எதுத்த ஊட்டு நாகராஜ் சாருதான் குரூப்புக்குத் தலைவரு. ஒரு நாளு பாக்கறேன், என்னைய அதுலருந்து எடுத்து உட்டுட்டாரு. கைதவறிப் பட்டிருக்கும்னு நெனச்சேன். மறுபடி சேத்துவாருன்னு பாத்துட்டே இருந்தேன்.

போன் வருதுங்களா? எடுங்க அம்மிணி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

பேசிட்டீங்களா, செரி. அம்மாங்களா? தெனம் கூப்பிடுவாங்களா? நல்லது, நல்லது.

அந்த வேசகாலத்து வெயில்ல தண்ணி இல்லாம வாழை பட்டுப் போச்சு. அடிக்கட்டை அழுகி, கையை உட்டா உள்ள போகும், அப்படிப் பொந்தாப் போயிருச்சு. போன ஐப்பசி, தீவாளி முடிஞ்ச கையோட மழை புடிச்சுது. நம்மூர்ல தூத்தல்தான், மலையிலதான் கொட்டித் தீத்துருச்சு. வெடிஞ்சு கரை மேல ஏறிப் பாக்கறேன், அந்தப் பக்கம் பொங்கற பாலாட்ட மேல வந்து நிக்குது. இத்தனை வருசத்துல அவ்வளவு தண்ணி நான் பாத்ததில்ல. கரைதான் நடுவுல. இந்தப் பக்கம் நம்ம ஊடு, வீதி, அதுக்குக் கீழ மொத்த டவுனும்.

எறங்கி வாழைக்கட்டைகிட்ட வந்தேன். பொந்துலருந்து தண்ணி வருது. ஈரம் இல்லீங்க, தண்ணி. கை மொத்தத்துக்கு ஊத்துது. டம்ளர்ல புடிச்சேன். செங்கல் கரைச்ச மாதிரி இருந்துது.

தம்பிக்குப் போட்டேன். எடுக்கலை. மறுக்கா போட்டேன். எடுக்கலை. ஓடிப் போயி நாகராஜ் சாரு கேட்டைத் தட்டுனேன். ஜன்னலைக் கொஞ்சமாத் தொறந்து, "மறுக்கா ஆரம்பிச்சுட்டீங்களா"ன்னு கேட்டுட்டுச் சாத்திட்டாரு. மழையில நடு வீதியில நின்னுட்டு மறுபடியும் மறுபடியும் போட்டேன். கடைசியா எடுத்தாருங்க தம்பி. எடுத்து, கோவமாக்கூட இல்ல, அலுத்துப் போயிக் கேட்டாரு.

"என்னம்மா, பாத்திரம் கழுவுனீங்களா?"

நான் சொன்னேன், "இல்ல தம்பி. கழுவறதுக்கு எங்கிட்டப் பாத்திரமே இல்ல. தீவாளிக்குப் பையன் வரலை. நான் ஒல வெச்சு நாலஞ்சு நாளாச்சு. டீயும் பன்னுந்தான். டம்ளரு கலங்கியிருக்குது தம்பி."

டம்ளருன்னவொடனே அவரு கொரலே மாறிருச்சு.

"வந்துட்டேம்மா. நீங்க வீட்டுக்குள்ள இருக்காதீங்க. கரைகிட்டயும் போகாதீங்க. மேட்டுப் பக்கம் போயி நில்லுங்க. நான் வந்துட்டேன்."

வந்தாரு. லாரியில மணலு வந்துது, ஜல்லி வந்துது, எங்கெங்கிருந்தோ ஆளுங்க வந்தாங்க. அணைக்கு அடியில இருக்கற குழாயோட ஷட்டரை இன்னும் தூக்கி உட்டாங்க. ஜீப்பைப் பாத்தப்பறம் நாகராஜ் சாரும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து கூடை வாங்கிக் கை மாத்துனாரு. நான் கேட்டேன், ஏன் தம்பி, ஓட்டையில சிமெண்டைப் போட்டு அடைச்சுர வேண்டியதுதானன்னு.

"அடைக்கக் கூடாதும்மா. அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணி போறதுக்கு வழி விட்டுடணும். மண்ணை மட்டும் நிறுத்தணும்."

அப்படியே செஞ்சாங்க. மொதல்ல மணலு, அது மேல பொடி ஜல்லி, அது மேல பெரிய ஜல்லி. அது வழியா தண்ணி பாட்டுக்குப் போகுது. எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் வெளங்கலீங்க. போறதைப் போக உடறதாம், அப்பத்தான் நிக்குமாம். கையில இருக்கறதை இறுக்கிப் புடிச்சாத்தான நிக்கும்? படிச்சவங்க என்னமோ சொல்றாங்க.

மத்தியானத்துக்கு மேல தம்பி டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துக்குக் காட்டுனாரு. தெளிஞ்சிருந்துது. அந்த வாழைக்குழிதாம்மா காரணம்னாரு. அவரு அசதியில சொல்றாரு, நான் எதுத்துப் பேசலை. தண்ணி உட்டிருந்தா வாழை பட்டிருக்காது, வாழை நின்னிருந்தா வேரே கரையைப் புடிச்சிருக்கும். இதை நான் சொன்னா ஆரு கேக்கறா?

ஆனா அம்மிணி, அன்னிக்கு எங்கூட்டுக்குள்ள போகக் கூடாதுன்னதால நாகராஜ் சாரு ஊட்டுலதான் சமைச்சோம். இத்தனை வருசம் எதுத்தாப்புல இருக்கறேன், அன்னிக்குத்தான் அவங்கூட்டு சமையல் ரூம்பை மொத மொதப் பாக்கறேன். நம்ம அண்டாவைத்தான் தூக்கிட்டு வரச் சொன்னேன். அவங்கூட்டம்மா வெங்காயம் உரிச்சாங்க, நான் தாளிச்சேன். வீதியே நின்னுட்டு உண்டுது. அந்தம்மா என்ற கையைப் புடிச்சுட்டு, நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்குமுங்கன்னு அழுதாங்க. கீழ டவுன்ல அன்னிக்கு ஜவுளிக்கடையில தள்ளுபடியாம், கூட்டம் நெரிஞ்சுதாம். அவங்களுக்கு என்ன தெரியும்? தெரியாம இருந்தா நல்லதுதான்.

ரெண்டு நாளைக்கு வந்து வந்து விசாரிச்சாங்க. குரூப்புல மறுபடி சேத்துட்டாங்க. அதுல தெனம் ஆராச்சும் குட் மார்னிங் போடறாங்க, நானும் போடறேன்.

அப்பறம் டிப்பார்ட்மெண்டுல கரையடி முழுக்கக் கல்லு பாவி, வேலி போட்டுட்டாங்க. நான் இனி அங்கிட்டுப் போக முடியாது. கரைக்குள்ள கருவி ஒண்ணு பொதைச்சிருக்காங்களாம். தண்ணி ஏறுனா, அழுத்தம் மாறுனா, அதுவே ஆபீசுக்குச் சொல்லிருமாம். ராப்பகலாப் பாத்துக்குமாம். தம்பி கடைசியா வந்தப்ப என்ற டம்ளரைத் தேச்சுக் கழுவிக் கையில குடுத்துட்டு, "இனிமே நீங்க பாக்க வேண்டியதில்லைம்மா. நிம்மதியா இருங்க"ன்னாரு. எம்மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றாரு, எனக்குத் தெரியாதா? அதோட அவருக்கு மாத்தல் ஆயிருச்சு. இப்ப ராமநாதபுரத்துப் பக்கம் இருக்கறாரு.

அதான் சொல்றேன் அம்மிணி, பயமே இல்ல. மழை வந்தா கருவி பாத்துக்கும். கல்லு போட்டாச்சு, வேலி போட்டாச்சு. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.

என்ன, எனக்குத்தான் மழை பெஞ்சா ஊட்டுல இருக்க முடியறதில்ல. பயத்துல இல்லீங்க. முன்னெல்லாம் மழைன்னா எந்திரிச்சுப் போயிப் பாக்கோணும், ஆருக்காச்சும் சொல்லோணும்னு இருக்கும். இப்பச் சும்மா உக்காந்து கேட்டுட்டு இருக்கோணும். கரைக்கு ஒண்ணுன்னா ஆபீசுல மணி அடிக்கும். எனக்கு ஒண்ணுன்னா எங்கயும் அடிக்காது. வெட்கத்தை உட்டுச் சொல்றேன், மேல ஒரு ஆளு நடக்கற சத்தம் கேட்டாப் போதுங்க எனக்கு. நடங்க, பாட்டுப் போடுங்க, ஆணி அடிங்க, ஃப்ரெண்டுங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் மேல வரவே மாட்டேன். வேணும்னா நாளைக்கு ஒரு வாட்டி மட்டும் வர்றேன், கொழம்பு குடுக்க. செரி, அதுவும் வேண்டாம்னா படியிலயே வெச்சுட்டுப் போயிர்றேன்.

கெளம்பறீங்களா? ஒரு வாய் காப்பி? நேரமாச்சா, செரி செரி. ஊட்டுல கலந்துதான சொல்லோணும், அதெல்லாம் கேட்டுத்தான் செய்யோணும். இந்தாங்க நம்பரு, போட்டுக்கங்க. துளசிமணின்னு போடுங்க. கரை ஊடுன்னு போட்டாலும் செரி.

புடிக்கலைன்னா பரவால்லீங்க அம்மிணி, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா வேண்டாம்னு சொல்றதுன்னாலும் போன் பண்ணிச் சொல்லுங்க. மெசேஜ் போட்டுராதீங்க. எந்நேரம்னாலும் கூப்பிடுங்க, நான் மொத ரிங்குலயே எடுத்துருவேன்.